எத்தனை நிமிடம் என்று கேட்டோமா?

தளியின் ரோஜாப் பசுமைக்குடிலிலிருந்தோ ஓசூர் சிப்காட்டின் பிரஸ் ஷாப்பிலிருந்தோ ஒருவர் வருகிறார். "கண்ணுல ஜிகுஜிகுன்னு வந்துச்சு, பாதி மறைஞ்சு போச்சு, அரை மணியில சரியாயிடுச்சு" என்கிறார். "தலை வலிச்சுதா?" என்று கேட்கிறோம். இல்லை என்றதும் மைக்ரேனை நம் யோசனையிலிருந்தே விலக்கிவிடுகிறோம். பிறகு கண்ணாடி மாறும், சத்து மாத்திரை வரும். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால் பக்கவாதம் வந்து போனதாகச் சீட்டில் ஏறி, ஆஸ்பிரின் ஆயுளுக்கும் தொடரும்.

கணக்கெடுப்புகளும் இவர்களை இப்படித்தான் தவறவிடுகின்றன. நமக்கு அடுத்த வீடான பெங்களூருவிலும் அதன் கிராமங்களிலும் வீடு வீடாக நடந்து, 2015இல் வெளியான ஆய்வு, நூறில் சுமார் 25 பேருக்கு ஓராண்டில் மைக்ரேன் இருந்ததாகச் சொன்னது. தலைவலியைக் கேட்டே தொடங்கும் ஆய்வு அது; வலியே வராதவர் அதில் சேர வழியில்லை. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வுக் குழு 1998இல் பார்வை அறிகுறிகளையே நேராகக் கேட்டது. மைக்ரேன் வகை அறிகுறி கண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதனுடன் தலைவலி ஒருமுறைகூட வந்ததில்லை. பெரும்பாலோருக்கு அது தொடங்கியதே 50 வயதுக்குப் பிறகு.

வலியை விட்டுவிட்டு நேரத்தைக் கேட்க வேண்டும் என்பதே எங்கள் கட்சி. அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி 1941இல் தன் மைக்ரேனின்போது பார்வையில் நகர்ந்த மறைவை வரைந்து பார்த்து, மூளைப் புறணியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது என்று கணித்தார். மூன்றே ஆண்டுகளில் பிரேசில் ஆய்வாளர் லியாவோ முயல் மூளையில் அப்படியொரு மெல்லிய அலையைக் கண்டார். அதனால்தான் ஆரா எனப்படும் இந்த மைக்ரேன் அறிகுறி ஐந்து நிமிடமாவது எடுத்துப் பரவுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் அடங்குகிறது. மினுமினுப்பும் வளைகோடுகளுமாகத் தெரிகிறது. தற்காலிக ரத்தத் தடையோ சட்டென வரும், ஒளி காட்டாது, இருட்டாக்கும். வலிப்பின் வண்ண வட்டங்கள் பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு கண்ணை மூடியதும் காட்சி மறைந்தால் விழித்திரையைப் பாருங்கள். மருந்தடித்துவிட்டு வந்தவருக்குக் கண் மங்கி, கருவிழிப்பாவை சுருங்கி, வியர்த்தால் அது பூச்சிக்கொல்லி நஞ்சு. அங்கே ஆராவைப் பற்றி யோசித்து நிற்க நேரமில்லை.

நாற்பது வயதுக்கு மேல் ஆரா முதன்முறை வந்தாலோ, கை மரத்தாலோ, பேச்சு குழறினாலோ ஸ்கேன் இல்லாமல் "மைக்ரேன்தான்" என்று அனுப்பக் கூடாது. மூளை மேற்பரப்பின் சிறு ரத்தக்கசிவும் இதே வேடத்தில் வரும். அந்தக் கசிவு உள்ளவருக்கு ஆஸ்பிரினே ஆபத்து.

ஆலை மருத்துவர்களுக்கு ஒரு சொல். பார்வையில் பாதி இல்லாத இருபது நிமிடம் பிரஸ் முன் நிற்பவரின் விரல்களைப் பறிக்கப் போதும். புள்ளி தெரிந்ததும் இயந்திரத்தை நிறுத்தி உட்காரும் அனுமதி அவருக்கு வேண்டும். வேலைநீக்கத்துக்கு இது காரணமாகாது. அந்தப் பயம் இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மின்னணு ஆலைகளில் இளம்பெண்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். மாலா-என் போன்ற ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை, ஆரா உள்ள மைக்ரேனுக்கு எந்த வயதிலும் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் நான்காம் வகையில் வைத்திருக்கிறது. தலை வலிக்கவில்லை என்பதால் இதற்கு விலக்குக் கிடையாது. மாத்திரை அட்டையைக் கொடுக்கும் செவிலியர் கண்ணில் ஒளி நெளிந்ததுண்டா என்றும் கேட்கட்டும்; உண்டென்றால் பேச்சு காப்பர்-டியின் பக்கம் போகட்டும்.