விற்காமல் நின்ற வீடு

 

புத்தளத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்கிறார், போடவில்லை. விஷயம் இதுதான். பரந்தனில் அவருடைய வாப்பாவுக்கு வீடும் வளவும் இருந்தன. 1990 ஒக்டோபரில் எல்லாவற்றையும் விட்டு வந்தார்கள். வாப்பா 2011 இல் மௌத்தாகிவிட்டார். 2014 இல் நானாமார் இருவரும் அதை விற்கப் போட்டார்கள். தரகர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். பார்த்தவர்கள் பலர், வாங்கியவர் இல்லை. ஒருவர் அச்சவாரம் கொடுத்து, இரண்டு மாதத்தில் அதையும் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் பேச்சே இல்லை. இப்போது சகோதரியின் மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறது. நானாமார் மறுபடி விற்கப் போகிறார்கள். வீட்டுக்குக் கண்ணூறு பட்டுவிட்டதா, ஏதும் ஓதித் தண்ணீர் தெளிக்கலாமா என்று கேட்கிறார்.

துஆச் செய்யுங்கள், இஸ்திகாரா தொழுங்கள், அதற்கு யார் தடை? ஆனால் வாசலில் எலுமிச்சங்காய் கட்டுவதற்கும் மூலையில் தகடு புதைப்பதற்கும் யாருக்கும் காசு கொடுத்துவிடாதீர்கள். அந்தக் காசைக் காணிப் பதிவகத்தில் கட்டி, உங்கள் காணியின் பதிவேட்டுப் பிரதியை எடுங்கள். வீடு விற்காமல் நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தத் தாளில்தான் இருக்கும்.

பரந்தன் சந்தியை வாசகிகளில் பலர் அறிவீர்கள். ஏ-9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரிகிற இடம். ஆனையிறவு உப்பைக் கொண்டு கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த இரசாயனத் தொழிற்சாலை முன்பு அங்கே இருந்தது. சுற்றிலும் வயல். 1990 ஒக்டோபர் கடைசியில் வடமாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் என்று சொல்வது வழக்கம். கிளிநொச்சிப் பக்கத்தில் நம்மவர்கள் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போல அதிகம் பேர் இல்லை. ஆனால் போனது எல்லோருக்கும் ஒன்றே: வீடு, கடை, கிணறு, பள்ளி, மையவாடி. அதன்பிறகு அந்த மண்ணில் யுத்தம் எத்தனை முறை முன்னும் பின்னும் நடந்தது என்பது தெரிந்ததே. 2009 ஜனவரி 1 ஆம் திகதி இராணுவம் பரந்தனைப் பிடித்தது, மறுநாள் கிளிநொச்சியை. ஆகவே நாம் வீடு என்று சொல்லிக்கொண்டாலும் வாங்க வருபவர் கண்ணில் படுவது பல இடங்களில் அத்திவாரமும் பாதிச் சுவரும்தான். கண்ணிவெடி அகற்றிய காணியா என்று அவர் கேட்டால் கோபிக்காதீர்கள். கேட்பது நியாயம்.

இனித் தாளுக்கு வருவோம். உறுதிக் காணியா, போமிட் காணியா என்று தமக்குத் தெரியாது என எழுதியிருக்கிறார் சகோதரி. நம் பெண்களில் பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை, ஆண்கள் சொல்வதுமில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வானத்துக்கும் பூமிக்கும். உறுதிக் காணி என்றால் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கைமாற்றலாம். கிளிநொச்சிப் பகுதியிலோ இரணைமடுக் குடியேற்றத் திட்டக் காணிகளும் மற்ற அரச காணிகளும் நிறைய உண்டு. அவை 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமாகவோ அளிப்புப் பத்திரமாகவோ கொடுக்கப்பட்டவை. அவற்றைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூல முன் அனுமதி இல்லாமல் கைமாற்றினால் செல்லாது. வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்துக் காசு வாங்கிய கதைகள் எத்தனையோ. வாங்கியவர் வங்கிக்குப் போனால் வங்கி தொடாது. கையில் காசுள்ள, விபரம் தெரிந்த மனிதர் அப்படியொரு வளவை விட்டு ஒதுங்கிப் போவார். அச்சவாரம் கொடுத்தவர் திரும்பிப் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டுமா?

போமிட் காணியென்றால் பெண்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். போமிட்காரர் பின்னுரித்தாளர் என்று ஒருவரை நியமிக்கலாம். அப்படி நியமிக்காமல் மரணித்தால் முன்பிருந்த சட்டம் மகளைப் பின்தள்ளி மகனுக்கு முதலிடம் கொடுத்தது. 2022 இல் வந்த திருத்தம் இந்த ஆண் பெண் பேதத்தை நீக்கியது. தாளில் ஒருவர் பெயர்தான் வந்தது என்பதற்காக, வாப்பாவின் காசில் எழுந்த கட்டடமும் கிணறும் நட்ட தென்னையும் அவர் ஒருவருடைய சொத்தாகிவிடாது. அவற்றின் பெறுமதியில் எல்லா வாரிசுகளுக்கும் பங்கு உண்டு என்பதே என் கருத்து. பின்னுரித்தாளராக வந்த நானா தங்கையிடம், சட்டப்படி உனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால், சட்டம் அவரை அலுவலகத்தில் காப்பாற்றும். அதற்கப்பால் காப்பாற்றாது.

உறுதிக் காணியானால் கணக்கு இலகு. சகோதரியின் உம்மா உயிரோடிருக்கிறார். இரண்டு ஆண் பிள்ளைகள், இரண்டு பெண் பிள்ளைகள். வாப்பாவின் பெற்றோர் முன்பே காலமாகிவிட்டார்கள். கடன், வஸிய்யத் போக மிச்சத்தை 48 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். எட்டில் ஒன்று உம்மாவுக்கு, அது 6. மீதி 42 இல் ஆண் பிள்ளைக்கு 14 வீதம் 28, பெண் பிள்ளைக்கு 7 வீதம் 14. சூரா அந்நிஸா சொல்லும் பங்கு இது. ஆக, உறுதி முடிக்க ஐந்து பேருடைய கையெழுத்து வேண்டும். முதல் முறை விற்கப் போட்டபோது நானாமார் பெண்களைக் கேட்கவேயில்லை. பிறகு கையெழுத்து வைக்கத்தானே போகிறார்கள் என்று இருந்துவிட்டார்களாம். பங்காளி இருக்கிற வீட்டையோ தோட்டத்தையோ அவருக்கு அறிவிக்காமல் விற்கக் கூடாது என்ற கருத்தில் ஜாபிர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. பங்காளி தானே வாங்க விரும்பினால் முன்னுரிமை அவருக்கு. தேசவழமைச் சட்டத்திலும் கூட்டுப் பங்காளிக்கு இத்தகைய முன்கொள்வனவு உரிமை உண்டு. 1947 இல் அதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. உங்கள் காணிக்கு அது பொருந்துமா என்று நொத்தாரிசிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடிதத்தில் மூன்று வரியில் வந்து, என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்த விஷயம். அந்த வளவில் இப்போது ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. வலிகாமத்திலிருந்து வந்தவர்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தார்கள், பலர் பின்னர் வன்னிக்கு வந்தார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது 1990 இல் அதே ஒக்டோபர் 30! அந்தக் குடும்பம் 2009 தொடக்கத்தில் அங்கிருந்தும் ஓடி, முகாமில் இருந்து, திரும்பி வந்து, கூரை போட்டு இருக்கிறது. 2014 இல் வாங்க வந்தவர்கள் இவர்களைக் கண்டதும், ஆளை எழுப்பித் தந்தால் பார்க்கலாம் என்று போய்விட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? பத்து வருடம் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆட்சி செய்தவர் உரிமை கோரலாம் என்பது நாட்டின் பொதுவான ஆட்சியுரிமைச் சட்டம். யுத்தத்தால் தம் காணிக்குப் போக முடியாதவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்துக்கு விசேட ஏற்பாடு செய்து, வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் தந்தது. அதில் போகாதவர்கள் இனியும் நாள் கடத்தாமல் ஒரு சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும். ஷரீஅத்தைக் கேட்டால், வருடம் ஓடியதால் மட்டும் பிறர் சொத்து ஹலாலாகாது. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு ஏழு பூமி வரை அது கழுத்தில் மாட்டப்படும் என்ற எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தங்கையின் ஏழு பங்கைச் சேர்த்துப் பிடிக்கும் நானாவுக்கும் அதே எச்சரிக்கைதான்.

உரிமை உங்களுடையது. சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தை எழுப்புவதற்கு முன் அவர்களிடமே விலை பேசிப் பார்த்தீர்களா? முதல் முறை யாரும் பேசவில்லை என்று தெரிகிறது. புகாரியில் ஒரு சம்பவம் உண்டு. ஸஃத் பின் அபீவக்காஸ் (ரழி) அவர்களின் வளவுக்குள் அபூராஃபிஃ (ரழி) அவர்களுக்கு இரண்டு அறைகள் இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளும்படி ஸஃதிடம் கேட்டார். நாலாயிரம் திர்ஹத்துக்கு மேல் தரமாட்டேன், அதுவும் தவணையாகத்தான் என்றார் ஸஃத். அபூராஃபிஃ, வெளியில் ஐந்நூறு தீனார் கேட்டிருக்கிறார்கள், அயலவரே மிக உரித்துடையவர் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதைக் கேட்டிராவிட்டால் உங்களுக்கு இந்த விலைக்குத் தந்திருக்க மாட்டேன் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். தீனாருக்குப் பத்துத் திர்ஹம் என்று பார்த்தால் ஐயாயிரத்தை விட்டு நாலாயிரம், அதுவும் கைக்காசில்லை! ஷாஃபிஈ மத்ஹபில் கட்டாயமான முன்னுரிமை பங்காளிக்கு மட்டுமே, அயலவருக்கு இல்லை. ஆகவே இதை நன்மை நாடும் வழியாகச் சொல்கிறேன், ஹுக்மாகச் சொல்லவில்லை. தவணைக்குக் கொடுப்பதானால் தொகையையும் தவணை நாட்களையும் எழுத்தில் வையுங்கள், பிந்தினால் மேல்காசு என்று சேர்த்துவிடாதீர்கள், அது வட்டி. விலை குறைப்பதும் அவரவர் பங்கிலிருந்துதான். ஐந்து பேரும் உடன்பட்டால் எல்லாப் பங்கிலும் குறையலாம். உம்மாவின் ஆறு பங்கை வைத்துப் பிள்ளைகள் தாராளம் காட்ட முடியாது. வாரிசுகளில் சிறுபிள்ளை இருந்தால் அதன் பங்கில் யாரும் கைவைக்கவே முடியாது.

நீங்கள் இப்படி எழுதலாமா, எங்களை விரட்டிய மண்ணில் நாங்கள் விட்டுக்கொடுப்பதா என்று ஒரு வாசகி கேட்கக்கூடும். கேட்கட்டும். மக்காவில் எங்கே தங்குவீர்கள் என்று உஸாமா (ரழி) கேட்டபோது, அகீல் நமக்கு ஏதும் வீடு மிச்சம் வைத்தாரா என்ற கருத்தில்தான் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். சொந்த ஊரில் தம் குடும்பத்து வீடுகள் கைமாறிப் போயிருந்தன. வெற்றியோடு போனவர்கள் அந்த வீடுகளில் இருந்தவர்களை வெளியில் தள்ளவில்லை. இதனால் உங்கள் உரிமை போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. காணி உங்களுடையது, விலை வாங்குங்கள். யாரிடம், எப்படி என்பதில்தான் என் பேச்சு.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடியது. ஏ-9 ஓரத்துக் காணியெல்லாம் பொன்னாகும் என்று ஆளாளுக்கு ஒரு தொகை சொன்னார்கள். நானாமார் சொன்ன தொகையும் அந்த வெயிலில் காய்ந்ததுதான். அன்று டொலர் ஏறக்குறைய 130 ரூபா. 2022 இல் 360 வரை போனது. சீமெந்து, ஓடு, கூலி எல்லாம் ஏறின. ஆகவே அன்றைய தொகையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் பிழை, அதை அப்படியே மும்மடங்காக்குவதும் பிழை. பக்கத்தில் கடைசியாக உறுதி முடிந்த இரண்டு மூன்று காணிகளின் விலையை விசாரியுங்கள். தரகர் சொல்லும் விலையையும் டீக்கடையில் சொல்லும் விலையையும் விடுங்கள்.

இரண்டாம் முறை விற்பவர் நாவில் தானாக வந்து உட்காரும் பொய் ஒன்று உண்டு. "முந்தி இவ்வளவுக்குக் கேட்டார்கள், நாங்கள்தான் கொடுக்கவில்லை." அஸருக்குப் பின் நின்று, தன் பொருளுக்கு இன்ன விலை கேட்கப்பட்டது என்று பொய்ச் சத்தியம் செய்து விற்றவன், மறுமையில் அல்லாஹ் பார்க்காத மூவரில் ஒருவன் என்று புகாரியில் வருகிறது. சொந்தக்காரர் ஒருவரை வாங்க வந்தவர் போல் நிறுத்தி விலையை ஏற்றுவது நஜ்ஷ், அதுவும் ஹராம். ஏன் முன்பு விற்கவில்லை என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: குடியிருப்பவர் இருக்கிறார், கையெழுத்து ஐந்து வேண்டும், கிணறு கோடையில் உப்பாகும். மறைத்த குறை பிறகு தெரியவந்தால் பொருளைத் திருப்பித் தர வாங்கியவருக்கு உரிமை உண்டு. சுவருக்கு வெள்ளையடியுங்கள், குற்றமில்லை. வெடிப்பை மறைப்பதற்காக அடிக்காதீர்கள்.

பழைய தரகரிடம் பேசிவிட்டுப் புதிய தரகரைப் பிடியுங்கள். பழையவர் காட்டிய ஆளே இப்போது நேரில் வந்து வாங்கினால், பேசிய கூலியை அவருக்குக் கொடுங்கள். தவணை முடியட்டும் என்று காத்திருந்து கூலியைச் சாப்பிடுவது நம்மிடையே கெட்டித்தனமாகிவிட்டது.

கடைசியாக, அந்தப் பணம். மாப்பிள்ளை வீட்டார் ரொக்கமாகக் கேட்டிருக்கிறார்கள் என்று சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டை விற்று, அதன் பணத்தை அதைப் போன்றதிலேயே போடாதவருக்குப் பரக்கத் இராது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அதன் அறிவிப்பாளர் வரிசையில் அறிஞர்களுக்குப் பேச்சு உண்டு. ஆனாலும் விஷயம் அனுபவத்துக்கு ஒத்தது. சகோதரிக்கு வருவது 48 இல் 7 பங்கு. அது முழுவதும் அவருடைய சொத்து. கணவரும் கேட்க முடியாது, மாப்பிள்ளை வீட்டாரும் கேட்க முடியாது. அந்தக் காசில் புத்தளத்திலேயே சிறு துண்டுக் காணியாக வாங்கி, மகளுக்குக் கொடுக்க விரும்பினால் மகளின் பெயரிலேயே உறுதி எழுதுங்கள். மாப்பிள்ளை பெயரிலோ கூட்டாகவோ வேண்டாம். ரொக்கம் கொடுத்தே ஆக வேண்டும் என்று குடும்பம் முடிவெடுத்தால், அதைக் கைக்கூலி என்று தொகையோடு விவாகப் பதிவில் எழுதச் சொல்லுங்கள். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் மனைவி அதைத் திருப்பிக் கேட்டுக் காதியிடம் முறையிடலாம். எழுத மாட்டோம் என்று அவர்கள் சொன்னால், உறுதி முடிக்கும் திகதியை நானாமாரிடம் சொல்லித் தள்ளிப் போடுங்கள்.