உறையில் பெயர் எழுதுங்கள்!

"அண்ணே, காய்ச்சல், சளி, உடம்பு வலி. ஒரு செட்டு மாத்திரை குடுங்க!"

சென்னையில் மருந்துக்கடை வாசலில் தினமும் கேட்கிற குரல் இது. பல கடைகளில் என்ன நடக்கிறது? நாலு அட்டையை எடுத்து, கத்திரியால் துண்டு துண்டாக வெட்டி, காகித உறையில் போட்டு நீட்டுகிறார்கள். வெட்டிய துண்டில் மருந்தின் பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது.

அங்கேதான் ஆபத்து!

காய்ச்சல் மாத்திரை என்பது பெரும்பாலும் பாரசிட்டமால். சளி மாத்திரை, வலி மாத்திரை பலவற்றிலும் அதே பாரசிட்டமால் கலந்திருக்கிறது. மூன்றையும் சேர்த்து விழுங்குகிறவருக்கு இது தெரியாது.

திடமான ஆளுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. தினமும் குடிக்கிறவருக்கும், சாப்பாடு இல்லாமல் மெலிந்தவருக்கும் அதுவே அதிகம்.

அளவு மீறினால் அடி விழுவது கல்லீரலுக்கு. முதல் நாள் வெறும் குமட்டல், வாந்தி. சிலருக்கு அதுவும் இல்லை. இரண்டு, மூன்று நாளில் கண் மஞ்சளாகும். முற்றினால் புத்தி தடுமாறும். உயிரே போகும்.

8 மணி நேரம்

இதற்கு முறிவு மருந்து இருக்கிறது. பெயர் அசிட்டைல்சிஸ்டீன். 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரல் தப்ப நல்ல வாய்ப்பு. ஆனால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிட்டே?" என்பதுதான்.

"வெள்ளை மாத்திரை சார்!" என்றால் அவர் என்ன செய்வார்?

இதில் வீட்டில் காமாலை வைத்தியம் பார்த்து நாலு நாள் ஓட்டுகிறவர்களும் உண்டு. கல்லீரல் முழுசாகக் கைவிட்டால் மாற்று ஆபரேஷன்தான் வழி. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் அது நடக்கிறது. ஆனால் பொருத்தமான கல்லீரல் கிடைக்கிறவரை உயிர் காத்திருக்க வேண்டுமே!

என்ன செய்யலாம்?

டாக்டருக்குப் பீஸ் கொடுக்க வழியில்லாத கூலிக்காரர்தான் மருந்துக்கடைக்குப் போகிறார். அவரைக் குற்றம் சொல்லி லாபமில்லை. கடைக்காரரும் எதிரி அல்ல. ஆனால் உறையில் மாத்திரையின் பெயரை எழுத எத்தனை நிமிஷம் ஆகும்? சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்தை "இல்லை" என்று சொல்ல என்ன தயக்கம்?

மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கடைகளில் ஸ்டாக் நோட்டைப் புரட்டினால் மட்டும் போதாது. கவுண்டரில் நீட்டுகிற உறையையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நீங்களும் கேளுங்கள். பெயர் எழுதாத மாத்திரையை வாங்காதீர்கள்!