மருத்துவமனையின் எல்லை

மருத்துவமனைகளைப் பொது, தனிநோய், போதனை மருத்துவமனைகள் எனப் பிரிப்பதுண்டு. படுக்கைகளை எண்ணித் தரம் குறிப்போரும் உளர். இக்கணக்கில் மும்பைத் தாராவியின் நகர்ப்புறச் சுகாதார நிலையம் எளிதில் இடம்பெறாது. அது, 1947-இல் தொடங்கிய சயான் மருத்துவமனையின் கிளை. மக்களோ அதனைச் ‘சின்ன சயான் ஆஸ்பத்திரி’ என்றே வழங்குகின்றனர். மக்கள் வழக்கே சரியானது.

காசநோயாளி வழக்கமாக ஆறு மாதம் இடைவிடாது மருந்துண்ண வேண்டும். நடுவில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடக் கூடும். அன்றாடக் கூலியை இழந்து, பெரிய மருத்துவமனை வரிசையில் அவர் எத்தனை நாள் நிற்பார்?

2020-இல் கொரோனா பரவியபோது தாராவியில் மருத்துவர்கள் வீடுவீடாகச் சென்று காய்ச்சல் கண்டோரைத் தேடினர். பள்ளிகளும் விளையாட்டரங்கமும் தனிமைப்படுத்தும் இடங்களாயின. இவற்றை விலக்கும் இலக்கணம் திருத்தப்பட வேண்டும். புதிய கட்டடத்துக்கு நிதி ஒதுக்குமுன், சந்துக்குள் உள்ள கிளையில் மருந்தும் செவிலியரும் போதிய அளவில் உண்டா எனப் பார்ப்பதே முறை.