பாடசாலை வாசலில் காவல் இருக்கும் தாய்



சென்ற மாதம் எமது சங்க அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தார். நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றில் பத்து வருடம் கொழுந்து பறித்தவர். கணவருக்குத் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை கிடைத்ததால் குடும்பத்தோடு இங்கு வந்து சேர்ந்தவர். மாமியார் இன்றும் தோட்டத்தில்தான் இருக்கிறார், எமது அங்கத்தவர்.

அந்தத் தாய் சம்பளப் பிரச்சினை பேச வரவில்லை. ஆறு வயது மகனைப் பற்றிப் பேச வந்தார். பிள்ளைக்கு ஓட்டிசம் இருக்கிறது. கப்பல் சங்கு ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவான். பேச்சு குறைவு. ஆனால் வீதியில் போகும் ஒவ்வொரு பஸ்ஸின் இலக்கத்தையும் மனப்பாடமாக எழுதிக் காட்டுவான்.

முதல் வருடம் பாடசாலையில், "வகுப்பில் அமைதியாக இருக்கப் பழகட்டும், அடுத்த வருடம் பார்ப்போம்" என்றார்கள். அடுத்த வருடம் சேர்த்தார்கள். ஆனால் மணி அடிக்கும் வரை தாய் விறாந்தையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அவர் வீட்டு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். தோட்டத்தில் அரைப் பேர் போட்டால் நாம் கொதித்தெழுவோம். இந்தத் தாய்க்கு முழுப் பேரும் இல்லாமல் போனதை யாரும் ஒரு கணக்கிலும் எழுதவில்லை.

ஆசிரியரைக் குற்றம் சொல்ல நாம் இதை எழுதவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாகப் பார்க்கும் ஆசிரியரும் ஒரு தொழிலாளிதான். அவருக்குப் பயிற்சியும் உதவி ஆளும் கொடுக்காமல் விட்டது கல்வி நிர்வாகம். அந்தக் குறையின் சுமை கடைசியில் ஓர் ஏழைத் தாயின் தலையில் வந்து இறங்குகிறது. இதுதான் எமது கேள்வி.

ஓட்டிசம் நோயல்ல, சாபமுமல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு அது. பெற்றோர் வளர்த்த விதத்தாலும் வருவதில்லை, தடுப்பூசியாலும் வருவதில்லை. எமது நாட்டில் நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஓர் ஆய்வு, பரிசோதித்த சிறு குழந்தைகளில் ஏறத்தாழ 93 பேருக்கு ஒருவரிடம் இதைக் கண்டது. அப்படியானால் எமது லயங்களிலும் இப்படியான பிள்ளைகள் இருக்கிறார்கள். "அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று சொல்லி நாம் வருடங்களைக் கடத்துகிறோம். ஒரு வயது தாண்டியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயதிலும் விரல் நீட்டி எதையும் காட்டாத பிள்ளை, பேசிய சொற்களை மறந்துவிட்ட பிள்ளை ஆகியோரைக் காலம் தாழ்த்தாமல் காட்ட வேண்டும். பிள்ளை மடுவத்தில் பார்த்துக்கொள்ளும் அக்காமார் இதை முதலில் கவனிக்கக் கூடியவர்கள். அவர்கள் சொன்னால் கோபிக்காமல் கேளுங்கள்.

சட்டம் எமது பக்கம் இருக்கிறது. வலது குறைந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியில் பாரபட்சம் காட்டக் கூடாது என்று 23 ஆம் பிரிவில் சொல்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். 2016 இல் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை என்று ஆக்கப்பட்டது. "அடுத்த வருடம் பார்ப்போம்" என்ற பதிலுக்கு இவற்றில் எங்கும் இடமில்லை.

ஆகவே பெற்றோர் செய்ய வேண்டியவை இவை. முதலில், குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பிள்ளையைக் காட்டி, மாவட்டப் பொது வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக்குக்குக் கடிதம் பெறுங்கள். திருகோணமலையில் இருப்பவர்களுக்கு அது நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. சுகாதாரப் பதிவேட்டைக் கவனமாக வைத்திருங்கள்.

இரண்டாவது, ஜனவரி 31 இல் 5 வயது நிறைவடையும் பிள்ளைக்கு முதலாம் தர விண்ணப்பத்தை உரிய காலத்தில் எழுத்தில் கொடுங்கள். வைத்தியர் கடிதம் வரட்டும் என்று காத்திருந்து திகதியைத் தவறவிடாதீர்கள். வாய்ச்சொல்லில் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தராவிட்டால், சொன்னவர், சொன்ன திகதி எல்லாவற்றையும் நீங்களே ஒரு கொப்பியில் எழுதிவைத்து, வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரியிடம் கடிதம் கொடுங்கள். பிரதியில் முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாத காலந்தான் உண்டு என்பதால், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் அந்த ஒரு மாதத்துக்குள் முறையிடுங்கள்.

மூன்றாவது, என்ன உதவி வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். அன்றைய பாடங்களைப் படமாக வரிசைப்படுத்திய ஒரு அட்டை, மணி அடிக்கப்போவதை முன்கூட்டியே சொல்வது, சத்தம் கூடினால் ஒதுங்கி இருக்க ஒரு மூலை, சுருக்கமான சொற்கள், முதல் சில வாரங்களுக்குக் குறைந்த நேரம். இவற்றில் பலவற்றுக்குப் பணம் தேவையில்லை. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் மாதாந்தக் கொடுப்பனவு பற்றியும் விசாரியுங்கள்.

சங்கம் செய்ய வேண்டியதும் உண்டு. கிளினிக் நாளில் பெற்றோரின் பேர் வெட்டப்படக் கூடாது என்பதைத் தோட்ட நிர்வாகங்களுடனான அடுத்த பேச்சுவார்த்தையில் முன்வைப்போம். பிள்ளை மடுவத்தில் வேலை செய்வோருக்கு இது பற்றிய பயிற்சி கேட்போம். திருகோணமலையில் இருக்கும் கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களத்திடம், தமிழ் மொழிமூலப் பாடசாலைகளுக்குப் பயிற்சி பெற்ற விசேட கல்வி ஆசிரியரும் உதவியாளரும் வேண்டும் என்று எழுத்தில் கோருவோம். தமிழ் பேசும் பேச்சுச் சிகிச்சையாளர் மிகக் குறைவு. சிங்களத்தில் பயிற்சி கொடுத்தால் தமிழ்ப் பிள்ளை எப்படித் தமிழ் பேசும்?

1945 இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே விடப்பட்டன. 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும் வரை, எமது பிள்ளைகளுக்கு ஒரு அறையும் ஒரு வாத்தியாரும் போதும் என்று மற்றவர்கள் தீர்மானித்தார்கள். வாசலுக்கு வெளியே நிற்பது என்றால் என்ன என்று எமக்குத் தெரியும். அதனால் எமது பிள்ளைகளில் ஒருவன் வெளியே நிற்பதை நாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அந்தத் தாயோடு எமது மாவட்டப் பிரதிநிதி வலயப் பணிமனைக்குப் போய் முத்திரையிட்ட பிரதியோடு திரும்பினார். பதில் இன்னும் வரவில்லை. வரும் வரை போவோம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படியொரு பிள்ளை இருந்தால் ஒளிக்காதீர்கள், தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள். தனியாகப் போனால் விறாந்தையில் உட்காரச் சொல்வார்கள். சங்கமாகப் போனால் கதிரை போட்டுப் பேசுவார்கள்.