"ஆசிட் எதுக்குப்பா?"

போன செமஸ்டர் லேப் வைவாவில் எக்ஸ்டர்னல் என்னைக் கேட்டது ஒரே கேள்விதான்: "ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் பண்ணத்தான் டைகுரோமேட் இருக்கே, ஆசிட் எதுக்குப்பா?" "ரியாக்‌ஷன் நடக்க, சார்" என்றேன். "அது எனக்கும் தெரியும்" என்றார். மார்க் போனது போகட்டும். ரெக்கார்டு நோட்டில் அத்தனை முறை "அமிலம் கலந்த" என்று எழுதிய நாம், ஒரு நாளாவது ஏன் என்று கேட்டோமா?

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். சமன்பாட்டிலேயே பதில் இருக்கிறது. ஒரு டைகுரோமேட் அயனி 6 எலெக்ட்ரானை வாங்கி, இரண்டு பச்சைக் குரோமியம் அயனிகளாக மாற 14 ஹைட்ரஜன் அயனிகள் வேண்டும். அதிலுள்ள 7 ஆக்சிஜனும் தண்ணீராகப் போகணுமே! அமிலத்தில் அதன் மின்னழுத்தம் 1.33 வோல்ட். காரத்தில் மஞ்சள் குரோமேட் ஆகிவிட்டால் மைனஸ் 0.13. பல் பிடுங்கின பாம்புதான்.

ஆல்கஹால் முதலில் குரோமிக் அமிலத்தோடு சேர்ந்து எஸ்டராகிறது. அப்புறம்தான் கார்பனிலுள்ள ஹைட்ரஜன் கழன்று ஆல்டிஹைடோ கீட்டோனோ கிடைக்கும். மூவிணைய ஆல்கஹாலில் கழல அங்கே ஹைட்ரஜனே இல்லை. அதனால்தான் நிறம் மாறாமல் நிற்கிறது. 1949-ல் வெஸ்ட்ஹைமரும் நிக்கோலைடெஸும் அந்த ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியத்தை வைத்துப் பார்த்தார்கள். வேகம் ஆறேழு மடங்கு குறைந்தது. அது கழலும் படிதான் மெதுவானது என்று பிடிபட்டது. இதை வகுப்பில் சொல்ல ஐந்து நிமிஷம் ஆகுமா?

எந்த ஆசிட்டும் ஆகாது என்பதையும் சொல்லணும். சல்ஃப்யூரிக் பாட்டில் காலி என்று அடர் ஹைட்ரோகுளோரிக்கை ஊற்றிச் சூடாக்கினால், டைகுரோமேட் அதையே பிடித்துக் குளோரினாக்கிவிடும். மூக்கு எரியும்.

ஆனால் என் உண்மையான ஆதங்கம் வேறு. மிச்ச ஆரஞ்சுக் கரைசலை எங்கே ஊற்றுகிறோம்? சிங்க்கில்! ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1990-லேயே வகைப்படுத்திவிட்டது. ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலைக் கழிவு மண்ணில் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுத்த கதை தெரியாதவர் உண்டா?

வழி ஒன்றும் கஷ்டமில்லை. பி.எச். 2, 3 அளவில் அமிலம் இருக்கும்போதே சோடியம் பைசல்ஃபைட் போட்டால் ஆரஞ்சு பச்சையாகும். இங்கேயும் ஆசிட்தான் முதலில்! பிறகு சுண்ணாம்பு சேர்த்தால் குரோமியம் ஹைட்ராக்சைடாக அடியில் படியும். வடிகட்டி, தனியே எடுத்து வைத்து, முறைப்படி அனுப்பலாம். சார் மேற்பார்வையில் ரெண்டாம் வருஷப் பசங்க இதை ஒரு எக்ஸ்பெரிமெண்டாகவே செய்யட்டும்.

பேரவை இதைத் துறைத்தலைவரிடம் கேட்டுத் தரணும். கழிவு சேர்க்கிற பிளாஸ்டிக் கேன் என் செலவு.