ரெண்டு மார்க் காது

எட்டாவது படிக்கிற அக்கா பையன்கிட்ட, "காது எதுவரைக்கும்டா கேட்கும்?"னேன். "20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை!" மூச்சு விடாம ஒப்பிச்சான். ரெண்டு மார்க் கன்ஃபார்ம்.

இதே பையன் போன வாரம் கோயில் கொடையில ஸ்பீக்கர் பெட்டியில சாஞ்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் நின்னான். மறுநாள் காதுல 'ஙொய்'னு சத்தமாம். அது எச்சரிக்கைன்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரலை.

உள்காதுல நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள். அதுக்குள்ள சுமார் 15,000 நுண்முடி செல்கள். அதிர்வை மின் சமிக்ஞையா மாத்தறது இதுங்கதான். செத்தா செத்ததுதான், திரும்ப முளைக்காது. உச்ச ஸ்தாயியைக் கேட்கிற செல்கள் சுருளோட வாசல்லயே இருக்கு, பெரும்பாலும் முதல்ல அடி வாங்கறதும் அதுங்கதான். பாடம் எடுக்கிற அம்பது வயசு வாத்தியாருக்கே அந்த 20,000 கேட்காது சாமி!

85 டெசிபல்னா நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதி. இது அமெரிக்காவின் நியோஷ் அமைப்போட கணக்கு. அதாவது 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிஷம். திறந்தவெளியில தூரத்தை இரட்டிப்பாக்கினா சுமார் 6 டெசிபல் குறையும், நேரம் நாலு மடங்கு.

ஆக, "எவ்வளவு தள்ளி நிக்கணும்?"னு ஒரு கேள்வி கேளுங்கய்யா. அஞ்சு மார்க்கே போடலாம்.