கோபுரம் அப்புறம், முதலில் கப்ளிங்

தமிழில் ரயிலைப் பற்றி எழுதுகிறவர்களிடம் ஒரு சாமான் பட்டியல் இருக்கிறது. ஜன்னலோர இருக்கை, கண்ணில் விழும் கரித்தூள், மழை, மண்குவளை டீ, எதிரே உட்கார்ந்து ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கிப்போன பெண். எங்கள் பக்கத்து ரயில் என்றால் கூடவே மேற்குத் தொடர்ச்சி மலையும் ஒரு பால்கோவாப் பொட்டலமும். மீட்டர் கேஜ் காலத்துக் கொல்லம் மெயிலைப் பற்றி இப்படி எத்தனையோ கட்டுரைகள் படித்துவிட்டேன். எல்லாவற்றிலும் பெட்டிக்கு உள்ளே இருப்பது எல்லாம் இருக்கிறது. ஒரு பெட்டி அடுத்த பெட்டியை எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தது என்பது மட்டும் எதிலும் இல்லை.

இதில் என்னய்யா இருக்கு, இரும்புக் கொக்கிதானே என்பீர்கள். அந்த 'தானே'யோடுதான் எனக்குச் சண்டை.

நான் ராஜபாளையத்தில் மாதிரி ரயில் செய்கிறவன். அளவு 1:120. தண்டவாளம் 9 மி.மீ. அகலம். கணக்குப்படி மீட்டர் கேஜுக்கு 8.3 மி.மீ. வரவேண்டும், மிச்சத்தைப் பொறுத்துக்கொள்கிறேன். சக்கரமும் மோட்டாரும் யாரோ ஓட்டி விற்ற வெளிநாட்டுச் சாமான், பெட்டி நானே வெட்டி ஒட்டிய அட்டை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர். அதை இந்த அளவில் அப்படியே செய்தால் 100 மீட்டர் வேண்டும். என் வீடு அவ்வளவு நீளம் கிடையாது. அதனால் இரண்டு ஸ்டேஷனும் ஒரே சுவரின் இரண்டு முனைகள். ஆண்டாள் கோயில் கோபுரம் 192 அடி. இங்கே ஒன்றரை அடிக்குச் சற்று மேல். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "கோபுரம் எப்ப வைப்பீங்க?" இரண்டு பெட்டியும் பிரியாமல் சுவரின் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வைப்பேன் என்பேன். சிரிப்பார்கள்.

இந்த அளவில் கப்ளிங் மாட்டுவது என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். சின்ன ரயில்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று ஜெர்மனியின் ஆர்னால்ட் நிறுவனம் கொண்டுவந்த 'ராப்பிடோ' கொக்கி. சதுரமாக, மொந்தையாக இருக்கும், முட்டினால் மாட்டிக்கொள்ளும். 9 மி.மீ. ரயில் உலகம் முழுக்க அதைப் பொதுவாக ஏற்றுக்கொண்டது. இன்னொன்று அமெரிக்காவில் எட்வர்ட்ஸ் சகோதரர்கள் ஆரம்பித்த கேடீ வழி வந்தது. மடக்கிய விரல்போல மூடித் திறக்கும். தண்டவாளத்துக்கு நடுவே காந்தம் வைத்தால் கை படாமலே பிரியும். 1990-ல் அந்தக் குடும்பத்திலிருந்து மைக்ரோ-டிரெயின்ஸ் தனியாகப் பிரிந்து, சின்ன அளவுகளை எடுத்துக்கொண்டது.

வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இரண்டு கப்ளரும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று தாழ்ந்தால், தண்டவாளம் சற்று மேடு பள்ளமாகும் இடத்தில் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிக் கழன்றுவிடும். தாழ்ந்த பெட்டிக்கு அடியில், போகிக்கு மேலே, மெல்லிய வாஷர் வைக்க வேண்டும். நம் ஊரில் பெட்டியையே போகி என்கிறோம். தொழிலில் போகி என்றால் அடியில் இருக்கும் சக்கரச் சட்டம் மட்டும்தான். கப்ளருக்குக் கீழே தொங்கும் கம்பி, காந்தத்துக்குக் கட்டுப்படுகிற அளவு தாழ்ந்தும் தண்டவாளத்தில் இடிக்காத அளவு உயர்ந்தும் இருக்க வேண்டும்; நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் சரி. எண்ணெய் விடக் கூடாது, தூசி பிடித்து இறுகிவிடும்; பென்சில் முனையை உரசிய தூள் போதும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எறும்பு அளவு. அதைப் பொருத்தும்போது கையோடு சேர்த்து ஒரு பாலிதீன் பைக்குள் வைத்துக்கொண்டுதான் பொருத்துவோம். பறந்தால் பைக்குள் கிடக்கும், இல்லையென்றால் போனதுதான்.

அப்புறம், எங்கே மாட்டுவது என்று ஒரு கேள்வி. போகியில் மாட்டினால் எவ்வளவு கூர்மையான வளைவிலும் திரும்பும். ஆனால் பின்னோக்கித் தள்ளும்போது முழு விசையும் போகியைக் கோணலாக்கும், பெட்டி தடம் புரளும். பெட்டியின் உடம்பில் மாட்டினால் தள்ளுவதைத் தாங்கும். ஆனால் வளைவைப் பெரிதாக்க வேண்டும், அதாவது வீட்டில் இன்னும் கொஞ்சம் இடம் பிடிக்க வேண்டும். இழுக்கும்போது எல்லாக் கப்ளிங்கும் நல்ல கப்ளிங்தான். தள்ளிப் பார்த்தால்தான் யோக்கியதை தெரியும்.

இது பொம்மை வேலை என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. அகல ரயிலில் பஃபரின் உயரம் தண்டவாளத்திலிருந்து அதிகபட்சம் 1105 மி.மீ., பாரம் ஏற்றிய நிலையில் குறைந்தபட்சம் 1030 மி.மீ. நடுவே 75 மி.மீ. என் அளவில் அது 0.6 மி.மீ. சொச்சம். நான் மல்லுக்கட்டுவதும் அதே அளவு இடைவெளியோடுதான். ஐசிஎஃப் பெட்டியின் சக்கரம் புதிதாக 915 மி.மீ. விட்டம்; தேயத் தேயப் பெட்டி தாழ்கிறது, பஃபரும் தாழ்கிறது. பணிமனையில் என்ன செய்கிறார்கள்? ஸ்பிரிங்குக்கு அடியில் 13 மி.மீ. முதல் 48 மி.மீ. வரை தடிமனுள்ள வளையங்களை, தேய்மானத்துக்கு ஏற்ப வைக்கிறார்கள். நான் வைக்கும் வாஷர் அதுதான். செந்நிற எல்எச்பி பெட்டிகள் வந்தபோது கிளம்பும்போதும் நிற்கும்போதும் தூக்கிப் போடுகிறது என்று பயணிகள் புலம்பினார்களே, அது நடுக் கப்ளரில் இருக்கும் தளர்வு. சின்ன மைக்ரோ-டிரெயின்ஸ் கப்ளரிலும் அதே வியாதி. ரயில் சுருள்வில் மாதிரி ஆடிக்கொண்டே போகும். கடைசிப் பெட்டியின் அச்சில் லேசாக உரசும் ஒரு ஸ்பிரிங் வைத்து அடக்குவோம். பெரிய ரயிலுக்கு வரும் நோய் எல்லாம் இதற்கும் வருகிறது. அப்படியானால் இது பொம்மையா, படிப்பா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விருதுநகர்–தென்காசி மீட்டர் கேஜ் பாதை 1927-ல் வந்தது. 2000-களின் தொடக்க ஆண்டுகளில் அகலப்பாதை ஆனது. அதற்காகத் தமிழில் வடித்த கண்ணீர் கொஞ்சநஞ்சம் அல்ல. ஆனால் அன்றைக்கு மாறிய ஒரு விஷயத்தை யாராவது எழுதினார்களா? மீட்டர் கேஜ் பெட்டிக்கு நடுவில் ஒரே ஒரு பஃபர். அதிலேயே கறி வெட்டும் கத்திபோல ஒரு கொக்கி, எதிர்ப் பெட்டியில் விழுந்து மாட்டும். அகலப்பாதையின் பயணிப் பெட்டிக்கோ இரண்டு ஓரத்திலும் இரண்டு பஃபர். நடுவே கொக்கியும் திருகிறுக்கும் ஸ்குரூ கப்ளிங்கும். அதை மாட்ட ஒரு மனிதன் குனிந்து அந்த இரண்டு பஃபருக்கும் நடுவே நுழைந்தே ஆக வேண்டும். ஓய்வுபெற்ற பாயின்ட்ஸ்மேன் அண்ணாச்சி ஒருவர் என் மேசையில் கப்ளரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சின்ன லைன்ல ஒத்தை பஃபர், ஓரமா நின்னுக்கிடலாம். பெரிய லைன்ல உள்ள போயிட்டா அப்புறம் டிரைவர் கையிலதான் உசிரு." கேஜ் மாற்றம் என்றால் அவருக்கு இதுதான். நமக்கு ஜன்னல் அகலமாயிற்று. அவருக்கு நிற்கும் இடம் மாறிற்று.

2024 நவம்பர் 9. பீகாரில் பரௌனி ஜங்ஷன். லக்னோவிலிருந்து வந்து நின்ற எக்ஸ்பிரஸின் எஞ்சினைக் கழற்றும் வேலையில் இருந்த ஊழியர் ஒருவர், எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே நசுங்கி இறந்தார். அந்தப் படம் எல்லோருடைய கைபேசிக்கும் வந்தது. அன்று என்னிடம் நண்பர்கள் கேட்டது: "அவர் எதுக்கு அங்க போனாரு? பட்டனைத் தட்டினா கழராதா?" படித்தவர்கள், எழுதுகிறவர்கள், ஆயிரம் தடவை ரயிலில் போனவர்கள் கேட்ட கேள்வி இது. கரித்தூளை வர்ணிக்கத் தெரிந்த நமக்கு ரயில் கோக்கப்படும் விதம் தெரியாது. தெரியாததனால் அங்கே ஒரு ஆள் நிற்கிறார் என்பதும் தெரியாது. செத்த பிறகுதான் தெரிகிறது.

தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? அமெரிக்காவில் வளையமும் முளையும் வைத்துப் பெட்டிகளைக் கோத்த காலத்தில், விரல் போன தொழிலாளிதான் அனுபவசாலி என்று பெயர். ஈலை ஜேனி என்ற துணிக்கடைக் குமாஸ்தா, மடக்கிய விரல்போலத் தானாகக் கவ்வும் கப்ளரை யோசித்து, 1873-ல் காப்புரிமை வாங்கினார். முதலில் அதை அவர் மரத்தில்தான் செதுக்கிப் பார்த்தார். இன்று சரக்கு ரயில்களை இழுக்கும் கப்ளரின் மூதாதை, கையடக்கமான ஒரு மாதிரி! 1893-ல் தானியங்கிக் கப்ளரைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. கண்டுபிடிப்புக்கும் சட்டத்துக்கும் நடுவே 20 ஆண்டுகள். அந்த இடைவெளியை மூடியது பட்டறை அல்ல. விரல் போவது விதி இல்லை, கப்ளரின் குறை என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்.

"பணக்காரன் பொழுதுபோக்குக்குத் தத்துவமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஓரளவு நியாயம்தான். இறக்குமதி எஞ்சின் விலை சாதாரணமாக எட்டாது. ஆனால் காசு கேட்பது எஞ்சின். கப்ளிங் கேட்பது அரமும் வாஷரும் பொறுமையும். ராஜபாளையம் நூல் மில்களால் வளர்ந்த ஊர். ஓடுகிற தறுவாயில் அறுந்த இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பிணைக்கிற பெண்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் இந்த ஸ்பிரிங்கைக் கொடுத்துப் பாருங்கள், பாலிதீன் பைகூடத் தேவைப்படாது. விரலுக்குத் தெரிந்த இந்த அறிவை நாம் அறிவு என்று எழுதுவதில்லை; அதற்குக் காசு காரணம் அல்ல.

கடைசியாக என் சொந்தக்கார்களான மாதிரி ரயில்காரர்களுக்கு. எஞ்சினை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் நிறுத்தி, லைட் போட்டுப் படம் எடுக்கிறீர்கள். நம்பர் பிளேட் எழுத்து ஒரு புள்ளி தப்பானால் சண்டைக்கு வருகிறீர்கள். ஆனால் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி, அதில் யானைத் தந்தம்போல ஒரு கொக்கி. கேட்டால் "அது கண்ணுல படாதுப்பா." அந்த ஜன்னலோரக் கட்டுரையாளர் சொல்வதும் இதைத்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆடிப்பூரத்தில் தேரைப் பார்க்க வரும் கூட்டம் மேலே பார்க்கும். ஊர்க்காரன் கண் வடத்திலும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற ஆளிலும் இருக்கும். தேர் நிலைக்கு வருவது அவர் கையில் என்று அவனுக்குத் தெரியும்.

ஆகவே எழுதுகிற தோழர்களே, அடுத்த ரயில் கட்டுரைக்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஏறுவதற்கு முன், உங்கள் பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே, பிளாட்பாரத்தில் நின்றபடியே ஒரு நிமிடம் பாருங்கள். பஃபர் ஒன்றா, இரண்டா, இல்லையா? கொக்கியா, விரலா? ஒரு ஆள் உள்ளே போக வேண்டுமானால் எந்தப் பக்கம் நுழைவார், எப்படி நிற்பார்? அதை எழுதிவிட்டு அப்புறம் மழையை எழுதுங்கள்.